குரல் போன பிறகு பள்ளி நடத்திய பாடகி: எடெல்கா கெர்ஸ்டர்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஹங்கேரியில் பிறந்து, இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பாடிப் புகழ்பெற்று, பிறகு ஜெர்மனியில் 21 ஆண்டுகள் பாட்டு வாத்தியாராக இருந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் எடெல்கா கெர்ஸ்டர். நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு, போகப் போகச் சொல்கிறேன்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் இந்த அம்மையாரின் வாழ்க்கையில் முதல் பாதி மேடை, மறு பாதி வகுப்பறை. மறு பாதியில் நடந்த ஒரு சம்பவம், ஆசிரியர் தொழிலில் இருந்தவர்கள், இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஓபரா என்றால் என்ன என்று ஒரு வரி. நம் ஊர்ப் பழைய இசை நாடகங்களில் நடிகர்களே பாடி நடிப்பார்கள் அல்லவா, அதைப் போலத்தான். ஆனால் ஓபராவில் பெரும்பாலும் கதை முழுக்கப் பாட்டிலேயே போகும். கீழே ஒரு பெரிய வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவர் காதுக்கும் போய்ச் சேர வேண்டியது வெறும் தொண்டைதான். பெண் குரலில் மிக உயர்ந்த வகையைச் சோப்ரானோ என்பார்கள். அதிலும் நம் பிருகாவைப் போல உருட்டி, வேகமாக, உச்சத்தில் சுழன்று பாடும் வகைக்குக் கொலரத்துரா என்று பெயர். எடெல்கா அந்த வகைப் பாடகி.

இவர் 1855 ஜூன் 25 அன்று காஷா என்ற நகரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி. இன்று வரைபடத்தில் தேடினால் ஸ்லோவாக்கியா நாட்டில் கோஷித்ஸே என்ற பெயரில் இருக்கும். ஊர் இடம் பெயரவில்லை, எல்லைக்கோடுதான் பெயர்ந்தது. அந்தக் கதைக்கும் கடைசியில் வருகிறேன்.

வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருப்பேன். கிரேக்க நாட்டில் பாறையை வெட்டித் திறந்த கொரிந்துக் கால்வாயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர், நடுவில் ஒடுக்கமான நீல நீர். சுமார் 6 கிலோமீட்டர் நீளம். 1882இல் வேலை தொடங்கி 1893இல் முடிந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பேலா கெர்ஸ்டர். நம் எடெல்காவின் அண்ணன்! ஒரே வீட்டில் ஒரு பிள்ளை இரண்டு கடலை இணைத்தது, இன்னொரு பிள்ளை கடல் கடந்து பாடியது.

எடெல்கா பாட்டுப் படிக்க வியன்னா போனார். அங்கே இசைக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆசிரியை மத்தில்டே மார்க்கேசி. அந்தக் காலத்தில் பெண் குரலுக்கு இவரைவிடப் பேர் பெற்ற ஆசிரியை ஐரோப்பாவில் இல்லை என்றே சொல்லலாம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவும் இவரிடம் படித்தவர்தான். (ஐஸ்கிரீம் கடையில் பீச் மெல்பா சாப்பிடுகிறோமே, அது அந்த மெல்பாவின் பெயர்.)

மார்க்கேசி அம்மையாரின் குரு மானுவல் கார்சியா. அறிவியல் ஆசிரியர்கள் இவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மனிதன் பாடும்போது தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். 1854இல், பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதில் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியில் அதுபற்றிக் கட்டுரை சமர்ப்பித்தார். இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர் நம் தொண்டைக்குள் பார்க்கும் முறைக்கு அதுதான் தொடக்கம். மனிதர் 101 வயது வாழ்ந்து 1906இல் காலமானார்.

ஆக கார்சியா, மார்க்கேசி, எடெல்கா என்று ஒரு குரு பரம்பரை. அந்தப் பரம்பரையின் பாடமுறை எப்படிப்பட்டது தெரியுமா? தொடக்க மாணவிகளை மார்க்கேசி மணிக்கணக்கில் சாதகம் செய்ய விடமாட்டார். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம். நடுவில் நல்ல இடைவெளி. பிறகு மறுபடி ஐந்து, பத்து நிமிடம். காரணம் எளிது. பெண்களின் குரல்நாண்கள் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். சோப்ரானோக்கள் தொடும் 'ஹை சி' என்ற உச்ச சுரத்தில் அவை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. நொடிக்கு ஆயிரம்! வயலினில் தந்தி அறுந்தால் புதுத் தந்தி கட்டலாம். இதற்கு மாற்று கிடையாது. ஆகவே கருவியைக் காப்பாற்றுவதுதான் முதல் பாடம், பாட்டு இரண்டாவது பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1876 ஜனவரியில் வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே அரங்கில் எடெல்கா முதன்முதலாக மேடை ஏறினார். வயது 20. வெர்டியின் 'ரிகோலெத்தோ' ஓபராவில் கில்டா வேடம். இதில் ஒரு விசேஷம், 1851இல் 'ரிகோலெத்தோ' முதன்முதலாக அரங்கேறியதே அந்த அரங்கில்தான். நம் ஊரில் முதல் கச்சேரியே பெரிய சபாவில் பிரதான நேரத்தில் கிடைத்த மாதிரி. வெர்டியே பரிந்துரை செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1877, அவருக்கு அடைமழைக் காலம். பெர்லினில் க்ரோல் அரங்கில் பாடினார், ஊரே பேசியது. அதே ஆண்டு ஏப்ரலில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரான இத்தாலியர் கார்லோ கர்டீனியை மணந்தார். ஜூனில் லண்டன், ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கம். பெல்லினி இசையமைத்த 'லா சொன்னாம்புலா'வில் அமினா வேடம். தூக்கத்தில் நடக்கும் வியாதி உள்ள ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை அது. அந்த வியாதியால் ஊர் அவள்மேல் பழி போடும். கடைசியில் தூங்கியபடியே ஆபத்தான ஒரு சிறு பாலத்தைக் கடந்து அவள் வருவதை ஊரே பார்க்கும், பழி நீங்கும். இந்த அமினா வேடம்தான் எடெல்காவின் அடையாளம் ஆயிற்று.

அதே 1877இல்தான் அமெரிக்காவில் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கருவி வளர்ந்து, பாடகர்களின் குரலைப் பதிந்து கடையில் விற்கும் தொழில் ஆவதற்குள் எடெல்காவின் மேடை வாழ்க்கை முடிந்துவிட்டது. நாம் இவர் பெயரைக் கேள்விப்படாததற்கு இதுதான் காரணம். லண்டனும் நியூயார்க்கும் எழுந்து நின்று கைதட்டிய குரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு அந்தக் காலப் பத்திரிகை விமர்சனங்கள் மட்டுமே மிச்சம்.

லண்டனில் இவரை அறிமுகப்படுத்திய மேலாளர் கர்னல் மேப்பிள்சன் என்பவர். 1878இல் தன் குழுவோடு அவர் அமெரிக்கா கிளம்பினார். அந்த நவம்பரில் நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் எடெல்கா அமினாவாக வந்தார். அமெரிக்காவும் அவருக்கு வசப்பட்டது.

ஐந்து ஆண்டு கழித்து அதே நியூயார்க்கில் ஒரு போட்டி நடந்தது. அகாடமி அரங்கில் 'பாக்ஸ்' எனப்படும் தனி இருக்கைகள் குறைவு. அவை எல்லாம் பரம்பரைப் பணக்காரர்கள் கையில். ரயில், வங்கி என்று புதிதாகப் பணம் சேர்த்த வாண்டர்பில்ட் போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அங்கே இடம் கிடைக்கவில்லை. இடம் தராவிட்டால் என்ன, நாமே ஓர் அரங்கம் கட்டிக்கொள்வோம் என்று அவர்கள் கட்டியதுதான் மெட்ரோபாலிடன் ஓபரா, இன்று உலகப் புகழ்பெற்ற 'மெட்'. அது 1883 அக்டோபர் 22 அன்று இரவு திறக்கப்பட்டது. அதே நாள், அதே இரவு, அகாடமியும் தன் பருவத்தைத் தொடங்கியது. புதுப் பணத்துக்கு எதிராகப் பழைய பணம் அந்த இரவில் களத்தில் இறக்கிய குரல் எடெல்காவுடையது. வேடம், அதே அமினா. தொடக்க இரவு எப்படிப் போனாலும் கடைசி வெற்றி மெட்டுக்குத்தான். 1886க்குள் மேப்பிள்சன் அகாடமியில் ஓபரா நடத்துவதைக் கைவிட்டார்.

அந்த 1883–84 பருவத்தில் மேப்பிள்சன் ஒரே குழுவில் இரண்டு ராணிகளைச் சேர்த்திருந்தார். மற்றவர் அடலீனா பாட்டி. நம் ஊர்ப் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், அது அவருடைய இத்தாலியக் குடும்பப் பெயர். அன்றைய உலகில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய பாடகி. ஓர் இரவுக்கு 5,000 டாலர். அதுவும் பாடுவதற்கு முன்பே கையில் வந்துவிட வேண்டும். எடெல்காவைவிட 12 வயது மூத்தவர்.

ஓர் உறையில் இரண்டு வாள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? மேப்பிள்சன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் கதைகளைப் படித்தால் சிரிப்பு வரும். எடெல்காவுக்குக் 'கொள்ளிக்கண்' இருக்கிறது என்று பாட்டி நம்பினாராம். ஓட்டலில் எடெல்காவின் அறைக் கதவைக் கடக்கும்போது விரல்களை மடக்கித் திருஷ்டி கழிப்பாராம். சான் பிரான்சிஸ்கோவில் லேசாக நிலநடுக்கம் வந்தபோது, அதற்கும் எடெல்காவின் கண்தான் காரணம் என்றாராம். திருஷ்டி நம் ஊர்ச் சொத்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கவும்.

எடெல்காவும் சளைத்தவர் இல்லை. மிசௌரி மாநில ஆளுநர் பாராட்டு மிகுதியில் பாட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். பத்திரிகைகளில் பெரிய பேச்சு. நிருபர் எடெல்காவிடம் கருத்துக் கேட்டார். தன் தாய் வயதில் இருக்கும் ஒரு பெண்மணியை ஒருவர் முத்தமிடுவதில் என்ன தப்பு என்கிற தோரணையில் பதில் வந்தது! உண்மையில் ஆளுநர் பாட்டியைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்.

சிகாகோவில் இருவரும் ஒரே ஓபராவில் பாடினார்கள். பாட்டிக்காக ரசிகர்கள் அனுப்பிய பூக்கூடைகளை எல்லாம் பணியாளர்கள் நேரம் தெரியாமல் முதல் காட்சி முடிந்ததும் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். அந்தக் காட்சியில் பாட்டிக்குப் பாட அநேகமாக ஒன்றும் இல்லை. அடுத்த காட்சியில் எடெல்கா உயிரைக் கொடுத்துப் பாடினார். அவருக்கு வந்ததோ ஒரே ஒரு சின்னக் கூடை. சபை அதைப் பார்த்தது. பிறகு கைதட்டல் எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனி அவளோடு மேடை ஏற மாட்டேன் என்று பாட்டி சொல்லிவிட்டாராம்.

வரலாறு படிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் ஒரு மேலாளர் எழுதியவை. இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள் என்ற கதை அவருக்கு அன்று டிக்கெட் விற்றது, பிறகு புத்தகமும் விற்றது. அந்தச் சண்டையை மூட்டியதில் அவர் பங்கு எவ்வளவு என்பதை அவர் எழுதவில்லை. ஒரே குழுவில் இருவரை வைத்து, ஒருவருக்கு வானளவு சம்பளம் கொடுத்தவரும் அவர்தானே.

இந்தச் சிரிப்புக் கதைகளுக்குப் பின்னால் ஒரு துயரம் தொடங்கிவிட்டது. 1880களின் நடுப்பகுதியில் எடெல்காவின் குரல் தளர ஆரம்பித்தது. பிரசவத்துக்குப் பிறகுதான் இப்படி ஆயிற்று என்று அந்தக் கால நூல்கள் சொல்கின்றன. 1887இல் மறுபடி அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து பார்த்தார். பழைய குரல் திரும்பவில்லை. 20 வயதில் வெனிஸில் தொடங்கிய மேடை வாழ்க்கை, 32 வயதில் அநேகமாக முடிந்துபோனது. பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து மேல்நிலை முடிக்கிற காலம்.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு தச்சருக்குக் கை போனால் ஊர் இரக்கப்படும். ஒரு பாடகிக்குக் குரல் போனால்? வெளியே ஒரு காயமும் தெரியாது. பேச முடியும், சிரிக்க முடியும், சந்தைக்குப் போய் விலை கேட்க முடியும். எதற்காக இந்த உலகம் இவரைத் தெரிந்துவைத்திருந்ததோ அது மட்டும் இல்லை. அவரைவிடப் 12 வயது மூத்த பாட்டியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாடினார். அறுபது கடந்து, 1905–06இல் வேல்ஸ் நாட்டில் உள்ள தன் மாளிகையிலேயே இசைத்தட்டுக்கும் பாடினார். அந்தத் தட்டுகளை இன்றும் கேட்கலாம்.

எடெல்கா என்ன செய்தார்? 1896இல் பெர்லினில் பாட்டுப் பள்ளி தொடங்கினார். அப்போது வயது 41. 1917 வரை, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாள் வரைக்கும், அதை நடத்தினார். 12 ஆண்டு மேடை, 21 ஆண்டு பள்ளி. கணக்குப் போட்டால் அவர் பாடகியாக இருந்ததைவிட ஆசிரியையாக இருந்த காலம்தான் அதிகம். 1906இல் குரல் பயிற்சி பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பாடநூலும் வெளியிட்டார்.

குரல் போனவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். என் அனுபவத்தில், எதையும் இயல்பாகச் செய்துவிடுகிறவர்களைவிட, ஒன்றை இழந்து தவித்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்திருக்கும். கணக்கு வராமல் அழுதுவிட்டுப் பிறகு கற்றுக்கொண்ட ஆசிரியர், பிள்ளை எந்தப் படியில் தடுக்கி விழும் என்று முன்கூட்டியே சொல்வார். பாட்டு ஆசிரியருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வீணை வாத்தியார் மாணவியின் விரலைப் பிடித்துத் தந்திமேல் வைக்கலாம். குரலைத் தொட்டுக் காட்ட முடியாது. காதால் கேட்டு, உள்ளே என்ன தப்பு நடக்கிறது என்று ஊகித்து, வார்த்தையால் திருத்த வேண்டும். முழுக்க முழுக்கக் காதின் வேலை. அது எடெல்காவிடம் இருந்தது.

அவரிடம் படித்தவர்களில் டச்சுப் பாடகி ஜூலியா குல்ப் முக்கியமானவர். ஓபரா மேடையை நாடாமல், ஒரு பியானோவின் துணையோடு கவிதைகளைப் பாடும் 'லீட்' என்ற ஜெர்மன் பாட்டு வகையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்றார். கொலரத்துரா பாடிய ஆசிரியையிடமிருந்து முற்றிலும் வேறு வகைப் பாடகி ஒருத்தி உருவாகியிருக்கிறார். நல்ல பள்ளிக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனாலும் அந்தப் பள்ளியில் காலடி வைத்தவர்களில் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர் வேறொன்று. லோட்டே லேமான்.

லோட்டே 1888இல் பெர்லெபெர்க் என்ற சிறு ஊரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. முதலில் அரசு இசைக் கல்லூரியில் படித்தார். பிறகு எடெல்கா கெர்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அவருக்கு நேரடியாகப் பாடம் எடுத்தவர் அந்தப் பள்ளியின் ஆசிரியை ஈவா ரைன்ஹோல்ட். பள்ளியின் முறைக்கு லோட்டேயின் குரல் வசப்படவில்லை. ஆசிரியை கடிந்துகொள்ளக் கடிந்துகொள்ள, பிள்ளைக்குப் பயம். பயம் வரவர, வருகிற குரலும் வராமல் போயிற்று. ஒரு நாள் கடிதம் வந்தது. உனக்கு இந்தத் துறை சரிப்படாது, பிழைப்புக்கு உதவும் வேறு ஏதாவது தொழிலைப் பார் என்பது சாரம். சுமார் இருபது வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லோட்டேயே தன்வரலாற்றில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

பிறகு நடந்தது என்ன? லோட்டே மனம் உடைந்தாலும் விட்டுவிடவில்லை. மத்தில்டே மாலிங்கர் என்ற மூத்த பாடகியிடம் போனார். 1868இல் வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' முதன்முதலாக அரங்கேறியபோது அதன் நாயகி வேடத்தில் பாடியவர் இந்த மாலிங்கர். அவரிடம் பிள்ளையின் குரல் திறந்தது. 1910இல் ஹாம்பர்க் ஓபராவில் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' கதையில் மூன்று சிறுவர்களில் ஒருவராக ஒரு குட்டி வேடம் கிடைத்தது. 1912இல் அதே அரங்கில் 'லோஹென்க்ரின்' நாயகி. 1916இல் வியன்னா. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் புதுப் படைப்புகளின் அரங்கேற்றத்துக்கு இவரைத் தேடினார். 1934இல் நியூயார்க் மெட். ஆமாம், 1883இல் எந்த அரங்கம் திறந்த இரவில் எடெல்கா எதிர் முகாமில் நின்று பாடினாரோ, அதே மெட்!

1938இல் நாஜி ஆட்சி நெருக்க, லோட்டே ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவில் குடியேறினார். 1951இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு அவரும் ஆசிரியை ஆனார். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பகுதியில் 1947இல் தொடங்கிய இசைக் கல்விக்கூடத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். அங்கே அவரிடம் பயின்ற கிரேஸ் பம்ப்ரி, 1961இல் ஜெர்மனியின் பைராய்ட் விழாவில் வீனஸ் வேடமேற்ற முதல் கறுப்பினப் பாடகி. 'தகுதி இல்லை' என்று அனுப்பப்பட்ட பிள்ளையின் கையில் வளர்ந்த பிள்ளை, பெரும் எதிர்ப்புக்கு நடுவே ஒரு மூடிய கதவைத் திறந்தார்.

இதோடு பதிவை முடித்தால், 'பார்த்தீர்களா, ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று சுலபமாக ஒரு நீதி கிடைத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏனென்றால் விஷயம் இன்னும் கொஞ்சம் நுட்பமானது.

லோட்டே உச்சியில் இருந்த காலத்திலும் விமர்சகர்கள் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூச்சுக் கட்டுப்பாடு போதாது, வரியின் நடுவில் மூச்சு வாங்குகிறார் என்று. அதாவது, கெர்ஸ்டர் பள்ளி கண்டுபிடித்த குறைகள் கற்பனை இல்லை. கார்சியா, மார்க்கேசி வழி வந்த கட்டுக்கோப்பான பயிற்சியின் அளவுகோலில் அந்தப் பெண் தேறவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லோட்டே பாடினால் சபை அழுதது. ஒரு சொல்லைப் பாடும்போது அந்தச் சொல்லின் பொருள் முகத்திலும் குரலிலும் வந்து நின்றது. அதை அளக்க அந்தப் பள்ளியில் அளவுகோல் இல்லை.

அவர்கள் கண்ட குறை சரி. அதிலிருந்து எழுதிய தீர்ப்புதான் தப்பு. 'இந்த முறையில் உனக்கு வரவில்லை' என்பது ஒரு கணிப்பு. 'உனக்கு வராது' என்பது வேறு. முதல் வாக்கியத்தைச் சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. இரண்டாவதைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

ஆசிரியர் ஓய்வறையில் 'அவனுக்கு வராது சார், விட்டுடுங்க' என்ற பேச்சைக் கேட்காத ஆசிரியர் உண்டா? சொல்பவர் கெட்டவராக இருக்க மாட்டார். பெரும்பாலும் நன்றாகப் பாடம் நடத்துகிறவராகத்தான் இருப்பார். தன் முறை பத்துப் பேருக்குப் பலித்ததைக் கண்டவர். அதனால்தான் பதினோராவது பிள்ளைக்குப் பலிக்காதபோது, குறை முறையில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. கெர்ஸ்டர் பள்ளி மோசமான பள்ளியாக இருந்திருந்தால் இந்தக் கதையில் நமக்குப் பாடமே இல்லை. அது நல்ல பள்ளி. நல்ல ஆசிரியர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

எடெல்காவின் பக்கமும் நின்று பாருங்கள். குரல் என்பது எவ்வளவு எளிதில் உடைந்துபோகும் என்று தன் உடம்பிலேயே அனுபவித்தவர். நிலையில்லாத ஒரு தொழிலை நம்பி ஓர் ஏழைப் பெண் இளமையை வீணாக்க வேண்டாம் என்று அந்தப் பள்ளி நினைத்திருந்தால், அதில் ஒரு கரிசனமும் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பல கெடுதல்கள் அக்கறையின் பெயரால்தான் நடக்கின்றன.

மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். எடெல்காவின் மகள் பெர்தாவை 1922இல் மணந்தவர் ஃபிரிட்ஸ் ரைனர். புடாபெஸ்டில் பிறந்த இசை நடத்துநர். அமெரிக்கா சென்று சின்சினாட்டி, சிகாகோ இசைக் குழுக்களை நடத்தி உலகப் புகழ் பெற்றவர். லியோனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு ஆசிரியர். மாணவர்களையும் வாத்தியக்காரர்களையும் நடுங்க வைப்பதில் பெயர்போனவர்! அந்தத் திருமணத்தைப் பார்க்க எடெல்கா உயிரோடு இல்லை.

பள்ளியை மூடிய பிறகு அவர் கடைசிக் காலத்தை இத்தாலியில் பொலோனா நகருக்கு அருகே பொன்தேக்கியோவில் கழித்து, 1920 ஆகஸ்ட் 20 அன்று காலமானார். அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1920 ஜூன் 4 அன்று, டிரியானான் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி தன் நிலப்பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அதில் இழந்தது. அப்படிப் போன ஊர்களில் காஷாவும் ஒன்று. ஹங்கேரியில் பிறந்த பாடகி என்று உலகம் அழைத்த அந்த அம்மையார் கண்ணை மூடியபோது, அவர் பிறந்த ஊர் ஹங்கேரியில் இல்லை. குரல் அவருக்கு முன்பே போயிருந்தது. நிலைத்தவை மாணவிகள் மட்டுமே. அதிலும் அதிகம் நிலைத்தது, வேண்டாம் என்று அனுப்பப்பட்ட மாணவி.

இந்தப் பக்கத்தில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் புது வகுப்பு வரும்போது, பழைய ஆசிரியர் ஒப்படைக்கும் மதிப்பெண் பட்டியலோடு, 'இவன் தேறமாட்டான்' என்ற வாய்மொழிப் பட்டியலும் சேர்ந்து வரும். முதல் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு மாதம் நீங்களாகவே அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள். உங்கள் முறையில் வரவில்லையா? பக்கத்து வகுப்பு ஆசிரியரின் முறையில் வருமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். லோட்டேக்கு ஒரு மாலிங்கர் கிடைத்தார். எல்லாப் பிள்ளைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

லோட்டே லேமானின் பாட்டு இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. பழைய தட்டு, கொஞ்சம் கரகரக்கும். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம் கேளுங்கள். நடுவில் மூச்சு வாங்குவதும் காதில் விழும். அது குறையா என்று நீங்களே சொல்லுங்கள்.

'உனக்கு வராது' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அதன் பிறகு உங்களுக்கு யார் மாலிங்கராக வந்தார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம். கை கொடுத்தவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம். எல்லோரும் நலமாக இருங்கள்.